உடம்பில் பீஸ் இருப்பவருக்கு மூளை ஸ்கான் எடுக்கலாமா? வன்னியில் கேட்கப்படும் கேள்விகள்

மூளையையும் நரம்பையும் படம் பிடிக்கும் ஆராய்ச்சி கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வேகமாக முன்னேறியிருக்கிறது. ஆனால் இலங்கையின் வடக்கே வன்னியில், அதாவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கத்தில் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருகிற கேள்வி "உடம்பில் ஷெல் பீஸ் இருக்கிறதே, அந்த மெஷினுக்குள் போகலாமா?" என்பதுதான். போர் முடிந்தது 2009 மே மாதத்தில். அன்று ஷெல் வெடித்துச் சிதறி உடம்பில் தங்கிய இரும்பு இன்றும் பலருக்கு உள்ளேயே இருக்கிறது. அந்த மக்கள் கேட்கிற கேள்விகளை வைத்தே இதை எழுதுகிறேன். புதிய ஆராய்ச்சி எங்கே அவர்களுக்கு உதவுகிறதோ அங்கே நிறையச் சொல்கிறேன். மற்ற இடங்களில் சுருக்கமாகப் போகிறேன்.

எக்ஸ்றே, சீ.ரி., எம்.ஆர்.ஐ. மூன்றும் ஒன்றுதானா?

இல்லை. எக்ஸ்றேயும் சீ.ரி. ஸ்கானும் கதிரைப் பயன்படுத்துகின்றன. சீ.ரி. என்பது உடம்பைச் சுற்றிச் சுற்றி எக்ஸ்றே எடுத்து, கணினியில் துண்டு துண்டாகப் படம் ஆக்குவது. 1971இல் லண்டனில் ஒரு நோயாளியின் மூளையைத்தான் முதன்முதலில் அப்படிப் பார்த்தார்கள். எலும்பு முறிவு, புதிய இரத்தக் கசிவு, உலோகத் துண்டு ஆகியவற்றை அது சில விநாடிகளில் காட்டிவிடும்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர் கிடையாது. பெரிய காந்தமும் வானொலி அலையும் சேர்ந்து உடம்பிலுள்ள நீரின் ஹைட்ரஜனிலிருந்து படம் எடுக்கின்றன. மூளையின் மென்மையான பகுதிகள், முள்ளந்தண்டு வடம், நரம்பு வேர்கள் இதில்தான் தெளிவாகத் தெரியும். வழக்கமான மெஷினின் காந்தம் 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த வலுவை அளக்கும் அலகு). பூமியின் காந்தப்புலத்தைவிட 30,000 மடங்குக்கு மேல் வலியது. கவலைக்குக் காரணமும் இதுதான்.

சரி, எனக்குள் பீஸ் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, கூடாதா?

"கூடவே கூடாது" என்று சொல்பவர்களும் உண்டு, "இத்தனை வருசம் ஆகிவிட்டது, ஒன்றும் செய்யாது" என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். மூன்று விடயங்களைப் பார்த்துத்தான் முடிவு எடுப்பார்கள்: என்ன உலோகம், எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது.

ஷெல், கிளைமோர், கைக்குண்டுச் சிதறல்கள் பெரும்பாலும் இரும்பு அல்லது உருக்கு. காந்தம் இவற்றை இழுக்கும், திருப்பும். துப்பாக்கி ரவை பல நேரங்களில் ஈயமும் செம்பும் கலந்தது. அதைக் காந்தம் இழுக்காது. ஆனால் உள்ளே உருக்குக் கரு உள்ள ரவைகளும் இருக்கின்றன. அதனால் "எனக்குப் பட்டது ரவைதான்" என்பது மட்டும் போதாது.

இடம் மிக முக்கியம். தொடைச் சதையில் பல வருடங்களாக இருக்கும் துண்டைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து பிடித்திருக்கும். அது அசையும் வாய்ப்புக் குறைவு. இப்படியானவர்களுக்குத் தேவை இருந்தால் நிபுணர் பார்த்து அனுமதிப்பது உண்டு. கண்ணுக்குள், மூளைக்குள், முள்ளந்தண்டு வடத்துக்குப் பக்கத்தில், பெரிய இரத்தக் குழாயை ஒட்டி, நுரையீரலில் என்றால் கதை வேறு. அங்கே ஒரு மில்லிமீற்றர் நகர்வதுகூடப் பார்வையை, காலின் அசைவை, உயிரையே பாதிக்கலாம். கண்ணுக்குள் இருப்பது தெரியாமல் ஸ்கானுக்குள் போன ஒரு உலோகத் தொழிலாளிக்குக் கண்ணில் இரத்தக் கசிவு ஏற்பட்டு அந்தக் கண்ணின் பார்வை போனதாக 1980களிலேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் உலோக வேலை செய்பவர்களுக்குக் கண்ணை முதலில் எக்ஸ்றே எடுத்துப் பார்க்கும் வழக்கம் உறுதியானது.

இதில் முடிவு எடுக்க வேண்டியவர் கதிரியல் வைத்திய நிபுணர். எடுக்கலாமா என்று கேட்பதோடு, எம்.ஆர்.ஐ. இல்லாமல் சீ.ரி.யோ அல்ட்ராசவுண்டோ போதுமா என்றும் கேளுங்கள். பல நேரங்களில் போதும்.

காயப்பட்ட காலத்து ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டு, கார்ட், எக்ஸ்றே எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டது. எப்படி நிரூபிப்பது?

நீங்கள் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. படிவத்தில் "உடம்பில் உலோகம் உண்டா?" என்ற கேள்விக்கு "உண்டு, அல்லது இருக்கலாம்" என்று சொன்னால் போதும். மீதியை எக்ஸ்றே காட்டும். ஒரு சாதாரண எக்ஸ்றேயில் இரும்புத் துண்டு வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சென்று தெரியும். சரியான ஆழம் தெரிய வேண்டுமானால் சீ.ரி. எடுப்பார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பீஸ் பட்டதை வாய்விட்டுச் சொல்ல நம்மில் பலர் தயங்குகிறோம். எப்போது, எங்கே காயப்பட்டாய் என்ற அடுத்த கேள்வி வருமோ என்ற பயம் அது. ஸ்கான் அறையில் கேட்கப்படுவது உலோகத்தைப் பற்றி மட்டும்தான். எப்படிப் பட்டது என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. "இடது தோளிலும் முதுகிலும் இரும்பு இருக்கிறது" என்ற ஒரு வசனம் போதும். அந்தத் தயக்கம் உங்கள் பார்வையையோ காலையோ விலையாகக் கேட்டுவிடக் கூடாது.

சின்ன வயதில் காயப்பட்டவர்களுக்கு ஞாபகம் இருக்காது. அப்போது கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று இளைஞர்கள். பதுங்கு குழிக்குள் இருந்தபோது பக்கத்தில் ஷெல் விழுந்தது என்று அம்மா சொன்னால், வெளிக்காயம் ஒன்றும் தெரியாவிட்டாலும் அதையும் சொல்லுங்கள். உடம்பில் காரணம் தெரியாத பழைய சின்னத் தழும்பு இருந்தாலும் காட்டுங்கள்.

காலில் பிளேட், ஸ்குரூ போட்டிருக்கிறது. அதுவும் ஆபத்தா?

எலும்பு முறிவுக்குப் போடும் தைட்டேனியமும், அதற்கென்று தயாரிக்கும் உருக்கும் பொதுவாகப் பிரச்சினை தராது. இதயத்துக்கு வைத்த பேஸ்மேக்கர், மூளை இரத்தக் குழாயில் போட்ட பழைய கிளிப், காதுக்குள் வைத்த கருவி இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். செயற்கைக் காலைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எடுத்தோம். பீஸ் இருந்த இடம் முழுக்கக் கறுப்பாகப் போய், ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். ஏன்?

இரும்பு தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குழப்பிவிடுகிறது. துண்டு ஒரு நெல்மணி அளவே இருந்தாலும் படத்தில் அதைவிடப் பல மடங்கு பெரிய கருந்துளை விழும். உங்கள் நரம்பு அந்தத் துளைக்குள் மறைந்துவிடும்.

அண்மைய முன்னேற்றங்களில் நமக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது இந்த இடத்தில்தான் இருக்கிறது. பல வருடங்களாக உலகம் காந்தத்தை வலுவாக்கிக்கொண்டே போனது: 1.5, பிறகு 3, பிறகு 7 டெஸ்லா. இப்போது இன்னொரு பாதையும் திறந்திருக்கிறது. சீமென்ஸ் நிறுவனம் 2020இல் 0.55 டெஸ்லா மெஷின் ஒன்றை அறிவித்தது. காந்தம் வலுக் குறைந்தது என்பதால் உலோகத்தைச் சுற்றி வரும் கருப்பும் குறைவு. இழந்த தெளிவைக் கணினி மென்பொருள் ஓரளவு மீட்டுத் தருகிறது. வழக்கமான மெஷின்களின் காந்தத்தைக் குளிர்விக்க ஆயிரம் லீற்றருக்கு மேல் திரவ ஹீலியம் வேண்டும். இதற்கு ஒரு லீற்றர்கூட வேண்டாம். உலோகக் குழப்பத்தைக் குறைக்கும் தனி முறைகள் வழக்கமான மெஷின்களிலும் உண்டு, ஆனால் அதற்குப் பீஸ் இருக்கும் இடம் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

சீ.ரி. பக்கத்திலும் மாற்றம் வந்திருக்கிறது. ஒவ்வொரு எக்ஸ்றே துகளையும் தனித்தனியாக எண்ணும் சீ.ரி. மெஷினுக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குறைந்த கதிரில் கூடிய தெளிவு தருவதோடு, உலோகத்தின் ஓரத்தையும் இன்னும் நன்றாகக் காட்டுகிறது.

உள்ளே போனால் மூச்சு முட்டுகிறது, அந்தச் சத்தம் தாங்க முடியவில்லை. பாதியில் எழும்பி வந்துவிட்டேன்.

இது கோழைத்தனம் இல்லை. அந்தக் குழாய் ஒடுக்கமானது. அதன் தட்டும் சத்தம் 100 டெசிபலையும் தாண்டலாம். பங்கருக்குள் குனிந்து படுத்திருந்து மேலே விழுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்த ஒருவருக்கு அந்த இருபது முப்பது நிமிடங்களில் உடம்பு தானாகப் பழைய இடத்துக்குப் போகிறது. ஸ்கான் அறையில் இருப்பவர்களுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருந்தால் செய்யக்கூடியவை நிறைய உண்டு.

போகும் முன்பே சொல்லுங்கள், "எனக்கு ஒடுக்கமான இடமும் வெடிச் சத்தமும் ஒத்துவராது" என்று. காதுக்கு அடைப்பான் கேளுங்கள், அது கட்டாயம் தரப்பட வேண்டியது. கையில் ஒரு ரப்பர் பந்து தருவார்கள். அழுத்தினால் உடனே வெளியே எடுப்பார்கள். முதலிலேயே ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுங்கள், நம்பிக்கை வரும். உலோகம் இல்லாத ஒரு சொந்தக்காரர் உள்ளே வந்து காலைப் பிடித்துக்கொண்டு நிற்கலாமா என்று கேளுங்கள். பல இடங்களில் விடுவார்கள். கண்ணைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளே போவது சிலருக்கு உதவும், சிலருக்கு மோசமாக்கும். எது உங்களுக்கு என்று வெளியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் முடியாவிட்டால் மயக்கமாக்கும் மருந்து உண்டு.

மெஷின்களும் மாறுகின்றன. வாய் அகன்ற மெஷின்கள், சத்தம் குறைந்த முறைகள் வந்துவிட்டன. நியூயோர்க் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் 2018இல் சேர்ந்து தொடங்கிய ஆராய்ச்சியும் அது போன்றவையும், மிகக் குறைந்த அளவீடுகளிலிருந்தே முழுப் படத்தைக் கணினி கட்டியெழுப்பும் வழியைக் காட்டின. உள்ளே கிடக்கும் நேரம் பாதியாகவும் அதற்கும் கீழாகவும் குறைவது நம்மவர்களுக்கு வெறும் வசதி இல்லை; ஸ்கானை எடுத்து முடிக்கவே அதுதான் வழி.

கால் இல்லை. ஆனால் இல்லாத பாதம் எரிகிறது, விரல் மடங்கி இழுக்கிறது. இது மனப் பிரமையா? ஸ்கானில் தெரியுமா?

மனப் பிரமை இல்லை. இழந்த உறுப்பில் வலி வருவது கை, கால் இழந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வருவது. மிதிவெடியில் காலை இழந்த ஒருவர் நள்ளிரவில் இல்லாத காலைத் தடவிக்கொண்டு இருப்பதைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு உண்மையான வலி என்று தெரியும்.

மூளையில் உடம்புக்கு ஒரு வரைபடம் உண்டு: கைக்கு ஓர் இடம், உதட்டுக்கு ஓர் இடம், பாதத்துக்கு ஓர் இடம். ஒரு கை போய்விட்டால் அதன் இடத்தைப் பக்கத்து உறுப்பின் இடம் பிடித்துக்கொள்கிறது, அந்தக் குழப்பம்தான் வலி என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் விளையனூர் ராமச்சந்திரன் 1990களில் கண்ணாடிப் பெட்டியை அறிமுகப்படுத்தியதும் இந்தப் பின்னணியில்தான். இருக்கிற கையைக் கண்ணாடியில் பார்த்து அசைத்தால், இல்லாத கை அசைவது போல மூளை உணரும்.

2025 ஓகஸ்டில் நேச்சர் நியூரோசயன்ஸ் இதழில் வந்த ஆய்வு அந்தப் பழைய விளக்கத்தை ஆட்டிவிட்டது. கை அகற்றப்பட இருந்த மூன்று பேரைச் சத்திர சிகிச்சைக்கு முன்பே மூளை ஸ்கான் எடுத்தார்கள். பிறகு 5 ஆண்டுகள் வரை திரும்பத் திரும்ப எடுத்தார்கள். இல்லாத விரலை அசைக்க முயலச் சொன்னார்கள், உதட்டைக் குவிக்கச் சொன்னார்கள். கையின் வரைபடம் மூளையில் ஏறக்குறைய அப்படியே இருந்தது. உதடு அந்த இடத்தைப் பிடிக்கவில்லை. மூன்று பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் ஒரே ஆளை முன்னும் பின்னும் பார்த்தது இதன் பலம். முந்தைய ஆய்வுகள் பெரும்பாலும் கை இழந்தவரையும் கை உள்ள வேறொருவரையும் ஒப்பிட்டன.

இது நமக்கு ஏன் முக்கியம்? வரைபடம் கெடவில்லை என்றால், வலிக்குக் காரணத்தை வெட்டப்பட்ட நரம்பின் நுனியிலும் தேட வேண்டும். அந்த நுனியில் நரம்பு முடிச்சுப்போல வளர்ந்திருக்கலாம். அதைப் பார்க்க எம்.ஆர்.ஐ.கூடத் தேவையில்லை, நல்ல அல்ட்ராசவுண்ட் போதும். வெட்டிய நரம்பின் நுனியைப் பக்கத்துச் சதையின் நரம்போடு இணைத்துவிடும் சத்திர சிகிச்சை முறையும் வந்திருக்கிறது. 2019இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் அது வலியைக் குறைத்தது. செயற்கைக் கால் பொருந்தாமல் ஒரே இடத்தில் அழுத்தி, அங்கே தொட்டால் மின்சாரம் அடிப்பது போல வலிக்கிறது என்றால், "நரம்பு முடிச்சு இருக்கிறதா என்று பார்க்கலாமா?" என்று கிளினிக்கில் கேளுங்கள்.

கண்ணாடி முறையைத் தூக்கி எறிய வேண்டாம். விளக்கம் மாறினாலும் சிலருக்கு அது வேலை செய்கிறது. அமெரிக்கப் படைவீரர்களில் கால் இழந்தவர்களை வைத்து 2007இல் வந்த சிறிய ஆய்வில், ஒரு நாளைக்கு 15 நிமிடம் வீதம் நான்கு வாரம் செய்தவர்களுக்கு வலி குறைந்தது. ஒரு நீளக் கண்ணாடி வாங்கும் செலவுதான்.

கையில் காயப்பட்டதிலிருந்து இரண்டு விரல் விறைத்தே இருக்கிறது. நரம்பை நேரில் படம் பிடிக்க முடியுமா?

முடியும். நரம்பை மட்டும் தனியே எடுத்துக் காட்டும் எம்.ஆர்.ஐ. முறை 1990களின் தொடக்கத்தில் வந்தது. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு போன்ற ஆழமானவற்றுக்கு இன்றும் அதுவே சிறந்தது.

ஆனால் வன்னிக்கு அல்ட்ராசவுண்ட்தான் பெரிய வரம் என்பது என் எண்ணம். உயர் அதிர்வெண் புரோப் (தோலில் வைத்துப் பார்க்கும் கைக்கருவி) வந்த பிறகு, மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் பக்கத்து நரம்பை அதன் உள்ளிழைக் கட்டுகள் வரை பார்க்க முடிகிறது. நரம்பு அறுந்ததா, தழும்பில் சிக்கியதா, வீங்கியதா, பீஸ் ஒன்று அதைக் குத்திக்கொண்டிருக்கிறதா என்று அசைத்து அசைத்துப் பார்க்கலாம். இரும்பு இருந்தாலும் ஆபத்து இல்லை. மெஷினைத் தள்ளிக்கொண்டு வார்டுக்கே வரலாம். குறைவது அதை வாசிக்கப் பயின்றவர்கள்தான். தொழுநோயில் முழங்கை நரம்பு தடிப்பதையும் இதே முறையில் அளக்கிறார்கள். தோலில் உணர்ச்சி இல்லாத தேமல் இருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

காலம் பற்றிய ஒரு கசப்பான உண்மையும் உண்டு. அறுந்த நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான் வளரும். நரம்பு வராத தசை ஒன்று ஒன்றரை வருடத்துக்குள் மீள முடியாதபடி சூம்பிவிடும். அதனால் புதிய காயம், உதாரணமாக மோட்டார் சைக்கிள் விபத்து, உழவு இயந்திரத்தில் கை சிக்கியது என்றால், "விறைப்பு தானாகப் போகும்" என்று மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். 2009இல் பட்ட காயத்தில் நரம்பை இப்போது தைத்துத் தசையை எழுப்ப முடியாது. ஆனாலும் வேலை செய்கிற இன்னொரு தசையின் தசைநாரை இடம்மாற்றிப் பொருத்தி, கை விரிக்கவோ பாதம் தூக்கவோ செய்யும் சத்திர சிகிச்சைக்கு அந்தக் கால எல்லை கிடையாது. எலும்புச் சத்திர சிகிச்சை நிபுணரிடம் அதைக் கேட்கலாம்.

ஷெல் பக்கத்தில் விழுந்து தூக்கி எறிந்தது. அன்றிலிருந்து தலையிடி, ஞாபக மறதி. சீ.ரி.யில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

சீ.ரி. எலும்பையும் இரத்தக் கசிவையும் தேடுவது. அதிர்ச்சியில் மூளையின் நுண்ணிய இழைகள் நொந்திருந்தால் அதில் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் இரண்டு முறைகள் இங்கே உதவுகின்றன. ஒன்று, பழைய நுண் இரத்தக் கசிவின் இரும்புக் கறையைக் காட்டுவது. மற்றது, நீர் எந்தத் திசையில் பரவுகிறது என்று அளப்பது. வரம்பு கட்டிய வாய்க்காலில் தண்ணீர் நேரே ஓடும், வரம்பு உடைந்தால் வயலெல்லாம் பரவும். நரம்பு இழையிலும் அப்படித்தான். நீரின் ஓட்டத்தை வைத்து இழையின் நிலையை ஊகிக்கிறார்கள்.

ஆனால் இந்த இரண்டாவது முறை, கூட்டமாகப் பலரை ஒப்பிடும் ஆராய்ச்சியில்தான் உறுதியாகப் பேசுகிறது. ஒரு தனி ஆளின் படத்தைப் பார்த்து "உன் மறதிக்கு இதுதான் காரணம்" என்று சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. ஸ்கான் சுத்தமாக இருக்கிறது என்பதால் உங்கள் தலையிடி பொய் ஆகிவிடாது. நித்திரை, வலி மருந்து அதிகம் போடுவது, மனச்சோர்வு, கேட்கும் திறன் குறைவு எல்லாம் மறதியைக் கூட்டும். இவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. வலிப்பு வந்தால் மட்டும் தாமதிக்க வேண்டாம். தலைக்காயம் பட்டுப் பல வருடம் கழித்தும் வலிப்பு தொடங்கலாம்.

மனக்காயம் மூளை ஸ்கானில் தெரியுமா? எடுத்துக் காட்டினால் வீட்டுக்காரர் நம்புவார்களே.

இந்தக் கேள்வியின் பின்னால் உள்ள வேதனை புரிகிறது. ஆனால் தெரியாது. 1,800 பேருக்கு மேல் வைத்து 2018இல் வந்த பன்னாட்டு ஆய்வில், பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனவடுவோடு வாழ்பவர்களின் ஹிப்போகாம்பஸ் என்ற ஞாபகப் பகுதி சராசரியில் சற்றுச் சிறிதாக இருந்தது. சராசரியில் மட்டும்தான். அந்தச் சிறு வித்தியாசத்தை வைத்து ஒருவரை இனங்காண முடியாது. மூளையின் வடிவத்தையும் மன இயல்பையும் இணைத்துப் பேச ஆயிரக்கணக்கானோரின் ஸ்கான் வேண்டும் என்று 2022இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. யாராவது பணம் வாங்கிக்கொண்டு மூளைப் படத்தில் மனக்காயத்தைக் காட்டுகிறேன் என்றால் கொடுக்காதீர்கள்.

கெட்ட கனவு, சத்தத்துக்குத் திடுக்கிடுவது, யாரோடும் பேசப் பிடிக்காமல் போவது ஆகியவற்றை வைத்தே மனநல வைத்தியர் கண்டறிவார். ஸ்கான் இல்லாமலே சிகிச்சை தொடங்கலாம். அரச வைத்தியசாலைகளில் அது இலவசம்.

அப்பாவுக்குக் கிட்னி வருத்தம். ஸ்கானுக்கு மருந்து ஏற்றுவார்களாமே?

வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்து விவசாயிகளுக்கு இது முக்கியமான கேள்வி. எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றுவது கடோலினியம் கலந்த மருந்து. கிட்னி மிகவும் பழுதானவர்களுக்குப் பழைய வகைக் கடோலினியம் தோலையும் மூட்டையும் இறுகச் செய்யும் கொடிய நோயைத் தரும் என்று 2006இல் தெரியவந்தது. இப்போதுள்ள புதிய வகைகளில் அந்த ஆபத்து மிக மிகக் குறைவு. சீ.ரி.க்கு ஏற்றுவது அயடீன் மருந்து. அது வேறு, அதற்கும் கிட்னியைப் பார்த்தே முடிவெடுப்பார்கள். கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டு போங்கள், டயலிசிஸ் செய்பவர் என்றால் முதலிலேயே சொல்லுங்கள். மருந்து ஏற்றாமலே போதுமான படம் கிடைக்கும் நோய்களும் நிறைய உண்டு.

பாரிசவாதம் வந்தால் எம்.ஆர்.ஐ. இருக்கும் இடத்துக்கே நேரே ஓடுவது நல்லதா?

முதலில் 1990 இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். முகம் கோணுதல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறுதல் இவற்றில் ஒன்று வந்தாலே போதும். ஆஸ்பத்திரியில் முதலில் தேவைப்படுவது சீ.ரி. ஸ்கான். இரத்தம் கசிந்திருக்கிறதா, குழாய் அடைத்திருக்கிறதா என்று அதில்தான் பிரிப்பார்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை, வாதம் தொடங்கி நான்கரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அதனால் நோயாளி கடைசியாகச் சரியாக இருந்த நேரத்தை எழுதிக்கொண்டு போங்கள். ஒட்டுசுட்டானிலிருந்தோ மாந்தையிலிருந்தோ புறப்படுகிறவருக்கு, வீட்டில் எண்ணெய் தடவிப் பார்க்கும் அரை மணித்தியாலம் மிகப் பெரிய இழப்பு.

நித்திரையால் எழும்பும்போதே வாதம் வந்திருந்தால் எப்போது தொடங்கியது என்று தெரியாது. முன்பு இவர்களுக்கு மருந்து கிடையாது. எம்.ஆர்.ஐ.யின் இரண்டு வகைப் படங்களை ஒப்பிட்டு, அடைப்பு புதிதா பழையதா என்று கணிக்கலாம் என 2018இல் ஒரு பெரிய ஆய்வு காட்டிய பிறகு, சிலருக்கு மருந்து போட முடிகிறது. பெரிய குழாய் அடைப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையை, ஸ்கானைப் பார்த்துத் தெரிவு செய்த சிலருக்கு 24 மணித்தியாலம் வரைகூடச் செய்யலாம் என்று அதே ஆண்டில் தெரிந்தது. இவை எல்லா வைத்தியசாலையிலும் இல்லை. ஆனாலும் "பிந்திவிட்டது, இனி என்ன" என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம்.

சீனி வருத்தத்தால் பாதம் விறைக்கிறது. நரம்பு ஸ்கான் எடுக்கவா?

தேவையில்லை. மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை போதும். கண்ணின் கருவிழியில் உள்ள நுண் நரம்புகளை நுண்ணோக்கியால் படம் பிடித்து, பாத நரம்பின் நிலையை முன்கூட்டியே அறியும் ஆராய்ச்சி மன்செஸ்டரில் நடந்து பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. நமக்கு இன்றைக்குப் பயன்படுவது பாதத்தைத் தினமும் பார்ப்பதும் வெறுங்காலோடு வயலுக்குப் போகாமல் இருப்பதும்.

நினைவில்லாமல் கிடப்பவர் நாம் பேசுவதைக் கேட்கிறாரா என்று ஸ்கானில் தெரியுமா?

சிலருக்குத் தெரியும். 2006இல் கேம்பிரிட்ஜில் அசைவற்றுக் கிடந்த ஒரு இளம் பெண்ணிடம் டென்னிஸ் விளையாடுவதாக நினைக்கச் சொன்னார்கள். நலமாக இருப்பவரின் மூளை வேலை செய்வது போலவே அவருடைய மூளையும் வேலை செய்தது. 2024இல் வந்த பெரிய ஆய்வில், கட்டளைக்கு எந்த அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேரின் மூளை ஸ்கானிலோ மூளை மின்னலைப் பதிவிலோ கட்டளைக்குப் பதில் தந்தது. நான்கில் ஒருவர். இந்தச் சோதனை ஆராய்ச்சி மையங்களில்தான் நடக்கிறது. ஆனால் கட்டிலருகே நின்று பேசுவதற்கு மெஷின் தேவையில்லை. பெயர் சொல்லி, தெரிந்த குரலில் பேசுங்கள். அவர் முன்னால் நின்று "இனி ஒன்றும் இல்லை" என்று பேசாதீர்கள்.

கைவண்டி மாதிரித் தள்ளிக்கொண்டு வரும் எம்.ஆர்.ஐ. வந்துவிட்டதாமே? வன்னிக்கு வருமா?

வந்துவிட்டது. ஹைப்பர்ஃபைன் என்ற நிறுவனத்தின் 0.064 டெஸ்லா மெஷினுக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சக்கரத்தில் தள்ளி, சாதாரண சுவர் பிளக்கில் மாட்டி, கட்டிலருகே வைத்தே மூளையைப் பார்க்கலாம். உகண்டாவின் எம்பராரா பல்கலைக்கழகத்தில் 2022இல் இன்னொரு வழியில் போனார்கள்: நெதர்லாந்தின் லைடன் குழுவோடு சேர்ந்து, மெஷினின் பாகங்களைக் கொண்டுவந்து அங்கேயே பொருத்தினார்கள். தலையில் நீர் சேரும் குழந்தைகளுக்காக. ஹொங்கொங் குழு ஒன்று 2024இல் 0.05 டெஸ்லாவில் முழு உடம்பையும் படம் பிடித்துக் காட்டியது.

படத்தின் தெளிவு குறைவுதான். சின்னக் கட்டியோ நுண்ணிய காயமோ தவறலாம். பெரிய கசிவு, பெரிய அடைப்பு, நீர்த் தேக்கம் தெரியும். மின்சாரம் அடிக்கடி நிற்கும், நிபுணர் பல மைல் தள்ளி இருக்கும் இடங்களுக்காகவே செய்தது போல இருக்கிறது. பீஸ் இருப்பவர்கள் இதிலும் சொல்லியே ஆக வேண்டும். காந்தம் சின்னது என்பதால் சோதனை இல்லாமல் உள்ளே போகலாம் என்று ஆகாது.

என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். மூளைப் படங்களின் பெரிய தொகுப்புகள் இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில்தான் குவிந்திருக்கின்றன. இங்கிலாந்தின் யூ.கே. பயோபாங்க் 2025இல் 1,00,000 பேரின் ஸ்கானை முடித்தது. உடம்பில் இரும்போடு பல வருடம் வாழ்பவர்களுக்கு வலுக் குறைந்த காந்தம் எவ்வளவு பாதுகாப்பு, எவ்வளவு தெளிவு என்ற கேள்விக்குப் பதில் தேட வன்னியைவிடப் பொருத்தமான இடம் குறைவு. மாங்குளத்தில் புனர்வாழ்வுச் சிகிச்சை நடக்கிறது, யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் இருக்கிறது. அந்த ஆராய்ச்சியை நம் மக்களோடு, அவர்கள் விருப்பத்தோடு, நம் வைத்தியர்கள் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பிரான்ஸில் உலகத்திலேயே பெரிய மூளை ஸ்கான் மெஷின் இருக்கிறதாம்?

பாரிஸுக்குப் பக்கத்தில், சாக்லேயில். காந்தம் 11.7 டெஸ்லா, எடை 132 தொன். 2024இல் முதல் மனித மூளைப் படங்களை வெளியிட்டார்கள்: நான்கே நிமிடத்தில் 0.2 மில்லிமீற்றர் நுணுக்கம். அது ஆராய்ச்சிக்கு. பீஸ் உள்ளவர் அதன் கதவுக்குக்கூடப் போகக் கூடாது.

கணினியே ஸ்கானை வாசிக்குமாமே, வைத்தியர் தேவையில்லையா?

தேவை. தலை சீ.ரி.யில் இரத்தக் கசிவை உடனே சுட்டிக்காட்டி, "இதை முதலில் பாருங்கள்" என்று வரிசையில் முன்னுக்குத் தள்ளும் மென்பொருள்கள் பல நாடுகளில் வேலை செய்கின்றன. இரவில் நிபுணர் இல்லாத இடத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் எந்தப் படங்களில் பயிற்சி பெற்றதோ அவற்றைப் போன்றவற்றில்தான் அது கெட்டி. மண்டையோட்டுக்குள் உலோகத் துண்டு கிடக்கும் படம் அப்படியான ஒன்றில்லை.

கர்ப்பிணி எடுக்கலாமா?

தேவை இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், மருந்து ஏற்றுவதைத் தவிர்ப்பார்கள். சீ.ரி.யையும் உயிர் ஆபத்தென்றால் எடுப்பார்கள். மாதவிடாய் தள்ளிப் போயிருந்தாலே சொல்லிவிடுங்கள்.

எடுத்த படங்களை என்ன செய்வது?

எக்ஸ்றேயிலோ சீ.ரி.யிலோ பீஸ் தெரிந்தால், எங்கே, எத்தனை, எவ்வளவு பெரிது என்று ஒரு வரியைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தையும் படத்தையும் ஃபோனில் எடுத்து, வீட்டில் இன்னொருவரின் ஃபோனுக்கும் அனுப்பி வையுங்கள். மழைக்காலத்தில் வெள்ளம் வந்து தாள் நனைந்தாலும் அது இருக்கும். நீங்கள் நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டால், உங்களுக்குள் இரும்பு இருப்பதைச் சொல்லத் தெரிந்த ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும். மனைவிக்கோ கணவனுக்கோ வளர்ந்த பிள்ளைக்கோ அதை இன்றே சொல்லிவையுங்கள்.